பழைய ஸ்கூட்டி வாங்கப் போன கதை

"பிள்ளை, எனக்கொரு பழைய ஸ்கூட்டி பார்த்துத் தருவியளோ?"

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் ஒரு காலையில் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஓர் அறையும் ஒரு குசினியும் கொண்ட வாடகை வீட்டில் அவரும் மகளும் இருக்கிறார்கள். சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில். 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தடியில் கணவரைக் கடைசியாகக் கண்டவர். அப்போது மகளுக்கு இரண்டு வயது. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. இதனை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அக்கா இருப்பார்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பத்து வருடங்களுக்கு மேலாகச் சமூகப் பணியில் இருக்கிறேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றி எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிக்கையிலும் "போக்குவரத்து வசதியின்மை" என்று ஒரு வரி கட்டாயம் வரும். ஆனால் பழைய ஸ்கூட்டி ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எனக்குத் தெரியாது. அதைவிட மோசம், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா விடியப்புறம் இரண்டரை மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பார். சொதி, சம்பல், ஒரு கறி. ஆறு மணிக்குள் வெள்ளவத்தையில் இருக்கவேண்டும். அங்கே காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில், மாடிக் குடியிருப்புகளில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, வயதான தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீடுகள் பல. அவர்கள்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள். வாளிகளையும் பார்சல்களையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. ஆகவே போகும்போது முச்சக்கர வண்டி, அதற்கு 1,000 ரூபா. வரும்போது பஸ், 80 ரூபா. மாதத்தில் 26 நாள்.

நாங்கள் இருவரும் மகளின் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். போய்வர ஏறத்தாழ 20 கிலோமீற்றர். சின்ன ஸ்கூட்டி என்றால் அரை லீற்றர் போதும். அப்போது பெற்றோல் லீற்றர் 400 ரூபா. அதாவது 1,080 ரூபா போகும் இடத்தில் 200 ரூபா. நாளொன்றுக்கு 880, மாதத்துக்கு 22,880 ரூபா மிச்சம். திருத்தச் செலவு, காப்புறுதி, வருட வரி எல்லாம் கழித்தாலும் ஒன்றரை வருடத்துக்குள் வண்டி தன் விலையைத் தானே உழைத்துத் தந்துவிடும்.

"இவ்வளவு நாளும் ஓட்டோக்காரனுக்கு அல்லோ இடியப்பம் அவிச்சிருக்கிறன்" என்றார் அக்கா.

புது ஸ்கூட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2025இன் தொடக்கத்தில்தான். நாங்கள் தேடிய காலத்தில் புதியவை வராததால், பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒருவர் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குத் தன் பழைய வண்டியை விற்ற காலம் அது.

லீசிங்கில் எடுக்கலாமா என்று நான்தான் அக்காவை ஒரு நிறுவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த தம்பி மரியாதையான பிள்ளைதான். "கணவருடைய கையெழுத்து வேணும் அம்மா" என்றார். காணாமல் போனவர் என்று நான் விளக்கினேன். அப்படியானால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார். அக்காவிடம் இருந்தது காணக்கிடைக்காமைச் சான்றிதழ். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே குடும்பத்தவர்கள் தங்கள் அலுவல்களைப் பார்ப்பதற்காக 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கொடுக்கப்படுவது. அந்தத் தம்பி அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில கணவர் கையெழுத்து இல்லையே" என்றார்.

அக்கா கோபப்படவில்லை. "நீங்கள் அவரைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ தம்பி. கையெழுத்தை நானே வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆகவே கைக்காசுதான். இரண்டு சீட்டுகள் முடித்த காசு 3 இலட்சம் ரூபா இருந்தது. முழுவதையும் வண்டிக்குக் கொடுக்கக்கூடாது, பழைய வண்டி வாங்கிய கையோடு எப்படியும் ஒரு செலவு வைக்கும், ஆகவே 30,000 ரூபாவைத் தனியே எடுத்து வைப்போம் என்று தீர்மானித்தோம். வண்டிக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

அடுத்தது எந்த வண்டி என்பது. அக்காவிடம் கிளிநொச்சியில் இருந்த காலத்தில் எடுத்த சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆனால் அது 100 சீ.சீ. வரையான சிறிய மோட்டார் சைக்கிளுக்கான ஏ1 வகுப்பு. எல்லோரும் ஆசைப்படும் ஹொண்டா டியோ ஏறத்தாழ 110 சீ.சீ. அதற்கு ஏ வகுப்பு வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கினால், விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது. டீ.வீ.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சீ.சீ. எடையும் நூறு கிலோவுக்குக் குறைவு. அக்கா உயரம் குறைந்தவர். இரண்டு காலும் நிலத்தில் முழுதாக ஊன்றவேண்டும், காலடியில் வாளி வைக்க இடம் வேண்டும், விழுந்தால் தனியாகத் தூக்கி நிமிர்த்த முடியவேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்க்க பெப் பிளஸ்தான் சரி என்று வந்தது.

முதல் வண்டி வெள்ளவத்தையில். பத்திரிகை விளம்பரத்தில் பார்த்தோம். விற்பவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். கதைத்துக்கொண்டு போனதில் எங்கள் சித்தப்பாவையும் தெரிந்திருந்தது. எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வண்டி மினுமினுவென்று இருந்தது. புது இருக்கை உறை, புதுக் கண்ணாடிகள், கழுவி மெழுகு பூசிய சிவப்பு. அவர் ஒருமுறை பொத்தானை அழுத்தினார். உடனே ஸ்ராட் ஆனது. "பாத்தீங்களா, ஒரு தட்டில பிடிக்குது" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். குனிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைச் சைலன்சருக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, இது இப்பத்தான் எங்கையோ ஓடி வந்திருக்கு, என்ன?"

"இல்லை அக்கா, காலையிலயிருந்து இஞ்சைதான் நிக்குது."

"அப்ப ஏன் இவ்வளவு சூடு? ஆறட்டும். நாங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம்."

தேநீர்க் கடையில் அக்கா எனக்கு ஒரு பாடம் எடுத்தார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் கிடைக்காது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சில துளிகள். எஞ்சின் சூடேறிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும்.

"ஐயாட மோட்டச்சைக்கிளுக்கு நான்தான் அந்தப் போத்தில் பிடிக்கிறது. சூடா இருந்தா மண்ணெண்ணெயிலயும் பிடிக்கும். ஆறினால்தான் அதின்ரை குணம் தெரியும். சூடான எஞ்சின் எல்லாத்தையும் மறைச்சுப் போடும் பிள்ளை."

ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் போனோம். இந்த முறை பொத்தானுக்குப் பிடிக்கவில்லை. பற்றரி போதாது. எட்டாவது மிதியில் ஸ்ராட் ஆனது. அக்கா வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பின்னால் போய் நின்றார். நீலம் கலந்த வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தது. காலைக் குளிரில் வரும் மெல்லிய நீராவி கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நீலப் புகை மறையாது. எஞ்சினுக்குள் ஒயில் எரிகிறது என்பதன் அடையாளம் அது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் பெருஞ்செலவு. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. அது பெரும்பாலும் காபரேட்டரோடு சரிசெய்யக்கூடியது.

விற்பவருக்கு முகம் மாறிவிட்டது. "உங்களோட ஆம்பிளையள் ஆரும் வரேல்லையோ? அவையளோட கதைச்சால் லேசு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். முதல்நாள் இரவு நானே அக்காவிடம், "ஆரும் அண்ணா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவமா?" என்று கேட்டிருந்தேன். அவர் வாயால் சொன்னது நான் மனதில் வைத்திருந்ததைத்தான்.

இரண்டாவது வண்டி கொட்டாஞ்சேனையிலேயே. 2018ஆம் ஆண்டு வண்டி. ஆறிய எஞ்சின், இரண்டாவது மிதியில் பிடித்தது, புகையே இல்லை. விலை 2 இலட்சத்து 40 ஆயிரம். எங்கள் கணக்குக்குள் நன்றாக அடங்கியது. எனக்குச் சந்தோசம். அப்போது அக்கா, "புத்தகத்தைக் காட்டுங்கோ" என்றார்.

புத்தகம் என்று நாங்கள் சொல்வது வாகனப் பதிவுச் சான்றிதழை. விற்பவர் கொண்டு வந்தது அதன் பிரதி மட்டும். அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளராக வேறொருவரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர். அதாவது லீசிங் முடியவில்லை. மூலப் புத்தகம் நிறுவனத்திடம் இருக்கிறது. "இன்னும் ரெண்டு தவணைதான் அக்கா. கட்டினவுடன் புத்தகம் வந்திடும். அதுவரைக்கும் கையெழுத்து வைச்ச படிவங்களைத் தாறன், நீங்கள் ஓடலாம்" என்றார் அவர்.

இந்த இடத்தில் என்னுடைய வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2017இல் நானும் இப்படித்தான் ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். கையெழுத்து மட்டும் வைத்த, மற்ற இடங்கள் வெறுமையான படிவங்களைத் தந்தார். "ஓபன் பேப்பர்" என்பார்கள். மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று ஐந்து வருடம் ஓடினேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை தொடங்கியது. ஒகஸ்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் என் வண்டியின் இலக்கத்தைப் பதிந்தபோது, அது ஏற்கெனவே பதியப்பட்டிருப்பதாக வந்தது. பழைய உரிமையாளர், என் வண்டியின் இலக்கத்தில் தனக்குப் பெற்றோல் எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அவர் பெயர்தானே இருந்தது? நான் யாரிடம் போய் என்ன சொல்ல முடியும்? பல மாதங்கள் என் ஸ்கூட்டி வீட்டு வாசலில் நின்றது.

அவ்வளவு பட்டிருந்தும், அன்று அந்த விலையைக் கேட்டவுடன் நான் அக்காவிடம் மெல்லச் சொன்னது என்ன தெரியுமா? "ரெண்டு தவணைதானே அக்கா, எடுப்பம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வெளியே வந்து, கொட்டாஞ்சேனைச் சந்தைப் பக்கமாக நடந்துகொண்டே சொன்னார்.

"இவரிட்டை ஒரு எம்.டி. 90 இருந்தது. சிவப்பு. புத்தகம் அவற்றை பேரிலை. மாத்தளனுக்கு வரும்வரைக்கும் அதிலைதான் சாமான், பிள்ளை எல்லாம். பிறகு விட்டிட்டு நடந்தம். புத்தகம் இருந்த பையும் அங்கை போட்டுது. மீளக் குடியேறின பிறகு, ஒரு இடத்திலை சைக்கிளும் மோட்டச்சைக்கிளுமாக் குவிச்சு வைச்சிருந்ததைக் கண்டன். கறள் பிடிச்சு, ஒண்டுக்கு மேலை ஒண்டு. அதுக்குள்ள எங்கடையைக் கண்டிட்டன். ராங்கியிலை நான் விழுத்தின நெளிவு இருந்தது. பின் சீற்றிலை பிள்ளைக்கு எண்டு நான் தைச்ச துணி, நிறம் போய் ஒட்டிக்கொண்டு இருந்தது. எங்கடை எண்டு சொன்னன். புத்தகம் இருக்கோ எண்டு கேட்டினம். இல்லை எண்டன். அப்ப உங்கடை எண்டு என்னண்டு சொல்லுவியள் எண்டு கேட்டினம்."

கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார்.

"அது ஓடக்கூடிய நிலையிலை இல்லைத்தான். ஆனால் அவர் இருந்ததுக்கு அது ஒரு சாட்சி. நான் ஒண்டும் பறையாமல் வந்திட்டன். இனி என்ரை பேரில்லாத புத்தகத்தை நான் தொடமாட்டன் பிள்ளை."

நான் என்ன பதில் சொல்ல? என் படிப்பு அன்று எனக்குக் கை கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, நீங்கள் களைச்சுப் போனியள்" என்றார்.

மூன்றாவது வண்டி கிடைக்க மேலும் மூன்று கிழமை சென்றது. இம்முறை நாங்கள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆம்பிளை என்பதற்காக அல்ல, வேலை தெரிந்தவர் என்பதற்காக. ஒழுங்கை முடக்கில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர். பார்த்துச் சொல்ல 2,000 ரூபா கேட்டார். நல்ல வண்டியோ கூடாத வண்டியோ, அந்தக் காசு வீண்போகாது.

விற்றவர் ஓய்வுபெற்ற ரீச்சர். கண்பார்வை குறைந்ததால் ஓடுவதை விட்டுவிட்டார். 2013ஆம் ஆண்டு பெப் பிளஸ். நிறம் மங்கி, பக்கத்தில் இரண்டு கீறல்கள். முதலில் பார்த்த சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முதல்நாளே தொலைபேசியில், "நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ண வேண்டாம் ரீச்சர்" என்று சொல்லியிருந்தோம். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. மூன்றாம் மிதியில் பிடித்தது. புகை இல்லை.

நானா பார்த்த முறையை நான் பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ஹாண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பினார். நடுவில் ஒரு பிடி இருந்தது. "கோன் செட் போயிருக்கு தங்கச்சி, மாத்தோணும்" என்றார். முன்பக்கத்தை அமத்தி அமத்தி விட்டார். முன் குழாய்களில் ஒயில் கசிவு இல்லை. நேர் பின்னால் தள்ளி நின்று, இரண்டு சில்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார். கோணல் என்றால் எங்கோ மோதிய வண்டி. பிரேக் பிடிகளின் நுனி, கால் வைக்கும் இடத்தின் ஓரம் இவற்றில் உள்ள தேய்வு, வண்டி எத்தனை முறை விழுந்தது என்று சொல்லும். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை அப்படியே நம்பக்கூடாது. கைப்பிடி றப்பரும் மிதியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருந்தன: 1416. அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்யப்பட்டது. பூக்கள் தேயாமல் இருந்தாலும் றப்பர் வெடித்திருந்தது. மழையில் வழுக்கும். பிறகு அவர் முன்பக்க மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே சேற்றுக் கோடு இருக்கும், ஆணிகள் கறள் பிடித்திருக்கும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. கடைசியாக 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் அப்படியே. கழுவித் துடைத்து அவை விற்பனைக்கு வருகின்றன. இனி வாங்கும் எவரும் இதை மறக்கக்கூடாது.

பிறகு அக்கா ஓடிப் பார்த்தார். தனியே ஒருமுறை, என்னைப் பின்னால் ஏற்றி ஒருமுறை. புறப்படும்போது வண்டி உலுக்கினால் பெல்ட் தேய்ந்திருக்கலாம் என்று நானா சொல்லி அனுப்பினார். கொஞ்சம் உலுக்கியது.

ரீச்சர் கேட்ட விலை 2 இலட்சத்து 90 ஆயிரம். அக்கா பேரம் பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. "குறையுங்கோ" என்று கெஞ்சவில்லை. கோன் செட், முன் ரயர், பற்றரி, பெல்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகத்துக்கு என்ன விலை, நானாவின் கூலி என்ன என்று எழுதிக் கூட்டிக் காட்டினார். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக் கணக்கைச் சரிபார்த்தார். 2 இலட்சத்து 65 ஆயிரத்துக்குச் சம்மதித்தார்.

இனிப் புத்தகம். ரீச்சரின் பெயர்தான் இருந்தது. அவருடைய அடையாள அட்டையுடன் ஒத்துப் பார்த்தோம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் எந்த நிறுவனமும் இல்லை. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஓர் இலக்கம் விடாமல் அக்கா வாசிக்க நான் பார்த்தேன். வரி அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் காலாவதியாகவில்லை. ரீச்சர் தன் கைத்தொலைபேசியில் கியூ.ஆர். பதிவை எங்கள் முன்னாலேயே நீக்கினார்.

அன்று 25,000 ரூபா மட்டும் முற்பணம் கொடுத்து ரசீது எழுதி வாங்கினோம். மறுநாள் மூவரும் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனோம். சட்டப்படி கைமாறி 14 நாட்களுக்குள் பெயரை மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். நாங்கள் பதினான்கு நாள் காத்திருக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாகப் போனால் பிறகு கையெழுத்துக்காக யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. படிவத்தை ஒப்படைத்த பிறகுதான் மிகுதிப் பணத்தை அக்கா கொடுத்தார். இது ரீச்சருக்கும் பாதுகாப்பு. பெயர் மாறாமல் விட்டால், நாளைக்கு அந்த வண்டியால் ஒரு விபத்து நடந்தால் பொலிஸ் தேடி வருவது ரீச்சரின் வீட்டுக்குத்தான்.

படிவத்தில் புதிய உரிமையாளரின் பெயர் என்ற இடம் வந்தபோது நான் பேனாவை எடுத்தேன். அக்கா அதை வாங்கித் தானே எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

சில நாட்களின் பின் புத்தகம் கைக்குக் கிடைத்தபோது எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று பின்னேரம் போனேன். காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இருக்கும் அதே பிளாஸ்ரிக் கோப்புக்குள் புத்தகத்தையும் வைத்திருந்தார். "ரெண்டும் ஒண்டா இருக்கட்டும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். மூன்றாம் மாதம் பெல்ட் அறுந்து, பம்பலப்பிட்டியில் இடியப்ப வாளியோடு அக்கா நடுவீதியில் நின்றார். அதற்குத்தான் அந்த 30,000 ரூபா இருந்தது. மழை நாட்களில் இன்னும் பயம். கைகாட்டி மறிக்கும் பொலிஸ்காரரைக் கண்டால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது என்கிறார். அது வண்டியால் வந்த பயமல்ல, பழைய பயம். ஆனால் மறித்தால் கோப்பைத் திறந்து காட்டுகிறார். "ஆற்றை வண்டி?" என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் பதில் இருக்கிறது.

சகோதரிகளே, எமக்கு இது தெரியாது, அது ஆண்களின் விடயம் என்று நாம் ஒதுங்கி நிற்கும் இடங்களில்தான் எமது காசு கரைந்து போகிறது. அக்காவுக்கு எஞ்சின் படிக்கத் தெரியாது. ஆனால் தடைக் காலத்தில் பெற்றோல் போத்தல் பிடித்த கை அவருக்கு இருந்தது. உங்களிடமும் அப்படியான அறிவு இருக்கும். அதை நம்புங்கள். தெரியாததை, காசு கொடுத்து, தெரிந்தவரிடம் கேளுங்கள். எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருங்கள். மினுமினுப்பையும் ஊர்ப் பாசத்தையும் ஒரு பக்கம் வையுங்கள். மலிவு என்று யாராவது அவசரப்படுத்தினால், அது என்னைப்போல் படித்த பிள்ளையாக இருந்தாலும் சரி, புத்தகத்தை முதலில் கேளுங்கள்.

என் சொந்த ஸ்கூட்டியின் கதை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அக்காவின் புத்தகம் வந்த அடுத்த கிழமை, நான் அந்தப் பழைய உரிமையாளரைத் தேடிப் போனேன். நான்கு முறை அலைந்தேன். இப்போது அதிலும் என் பெயர் இருக்கிறது.